தன்னாட்டம் தானே ஆய்தல்

நுழையும்முன்

வென்ற ஆட்டத்தைப் பலரிடம் சொல்லி மகிழ்கிறோம். தோற்ற ஆட்டத்தை விரைந்து மறக்க விழைகிறோம். சதுரங்கம் பயில்வோருக்கோ தாம் தோற்ற ஆட்டத்தைவிட நெருக்கமான பாடநூல் வேறில்லை. அதனைப் படிக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறது இப்பாடம்.

ஆடினால் மட்டும் போதுமா?

நாள்தோறும் பத்து ஆட்டங்கள் ஆடுவோர் நம்மிடையே பலர் உளர். கைப்பேசி வந்தபின் அவர்தம் எண்ணிக்கை பெருகிவிட்டது. ஆண்டுகள் கடந்தும் அவர்களுள் பெரும்பாலோர் தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றனர். பயிற்சி குறைந்ததால் அன்று. பயின்றது எதுவோ அதுவே பழக்கமாகிவிடுவதால். பிழையான எண்ணத்தோடு ஆயிரம் முறை ஆடினால் அப்பிழையே கைவந்த கலையாகிறது.

இதற்கு மாற்று, ஆடி முடித்த ஆட்டத்தை மீண்டும் பலகையில் பரப்பிப் பார்ப்பது. அதற்கு நகர்த்தல்கள் எழுத்தில் இருத்தல் வேண்டும். பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளின்படி, நெடுநேர ஆட்டங்களில் இரு ஆட்டக்காரரும் தம் நகர்த்தலையும் எதிராளியின் நகர்த்தலையும் தாளில் குறித்துக்கொண்டே ஆட வேண்டும். அத்தாளில் நகர்த்தல்கள், கடிகார நேரம், சமநிலைக் கோரிக்கை போன்றவற்றைத் தவிர வேறெதையும் எழுதலாகாது. ஆகவே, ‘ஏன் இவ்வாறு நகர்த்தினேன்?’ என்பதை ஆட்டம் முடிந்த பிறகே எழுத இயலும். நினைவு மங்குமுன் அன்றே எழுதிவிடுவது நன்று.

தெரிந்து தெளிவோம்

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கும் தனித்தனிப் பெயருண்டு. வெள்ளை ஆட்டக்காரரின் இடக்கைப் பக்கம் தொடங்கி எட்டு நெடுவரிசைகளும் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் எனப்படும். அவர் பக்கத்திலிருந்து குறுக்குவரிசைகள் 1 முதல் 8 வரை எண்ணப்படும். வெள்ளை அரசர் ஆட்டத் தொடக்கத்தில் நிற்கும் கட்டம் இ-1. கறுப்பு அரசர் நிற்பது இ-8.

ஏழே நகர்த்தலில் ஒரு தோல்வி

எடுத்துக்காட்டு ஒன்றைப் பலகையில் வைத்துப் பார்ப்போம். பள்ளி மாணவர் ஒருவர் வெள்ளைக் காய்களோடு ஆடுகிறார் எனக் கொள்க. அவர் சிப்பாயை இ-4க்கு நகர்த்த, கறுப்புச் சிப்பாய் இ-5க்கு வருகிறது. வெள்ளைக் குதிரை எஃப்-3க்குப் பாய்ந்து அச்சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை சி-6க்கு வந்து அதனைக் காக்கிறது. வெள்ளை அமைச்சர் சி-4க்கு வருகிறார். இதுவரை எல்லாம் வழக்கமானவை. மூன்றாம் நகர்த்தலில் கறுப்பு வியப்பான ஒன்றைச் செய்கிறது: காவலுக்கு நின்ற குதிரையை டி-4க்குப் பாய்ச்சுகிறது. இ-5 சிப்பாய்க்கு இப்போது காவலில்லை.

மாணவர் மகிழ்ந்து அச்சிப்பாயைத் தம் குதிரையால் வெட்டுகிறார். கறுப்பு அரசி ஜி-5க்கு வந்து, அக்குதிரையையும் ஜி-2 சிப்பாயையும் ஒருசேரத் தாக்குகிறார். மாணவருக்கு இன்னொரு வாய்ப்புக் கண்ணில் படுகிறது. குதிரையால் எஃப்-7 சிப்பாயை வெட்டினால், அங்கிருந்து அரசியையும் எச்-8 யானையையும் ஒரே நேரத்தில் தாக்கலாம். அவ்வாறே வெட்டுகிறார். அரசியோ ஜி-2 சிப்பாயை வெட்டி எச்-1 யானையை மிரட்டுகிறார். யானை எஃப்-1க்கு ஒதுங்குகிறது. அரசி இ-4 சிப்பாயையும் வெட்டிச் ‘செக்’ வைக்கிறார். அமைச்சர் இ-2க்குத் திரும்பி இடையில் நிற்கிறார். டி-4 குதிரை எஃப்-3க்குப் பாய, ஆட்டம் முடிந்துவிடுகிறது. அரசரைச் சுற்றி நிற்பவை அவருடைய காய்களே. அவருக்கு நகர இடமில்லை. குதிரையை வெட்டலாமென்றால் இ-2 அமைச்சர் விலகியவுடன் கறுப்பு அரசியின் தாக்குதல் அரசர் மீது பாய்ந்துவிடும்.

பிளாக்பர்ன் என்னும் ஆங்கில ஆட்டவல்லுநரின் பெயரோடு சேர்த்து வழங்கப்பெறும் பழைய பொறி இது. இதில் சிக்கியவர் அன்று மாலை என்ன எழுதுவார்? ‘இப்பொறியை மனனம் செய்ய வேண்டும்’ என்றுதான் பலரும் எழுதுவர். அது அடுத்த முறை இதே பொறியிலிருந்து காக்கும். வேறொரு பொறியிலிருந்து காக்காது.

மாணவரின் ஒவ்வொரு நகர்த்தலின் பின்னும் இருந்த எண்ணத்தைக் கேட்டுப் பார்ப்போம். நான்காவதில், ‘சிப்பாய் காவலின்றி நிற்கிறது.’ உண்மை. ஐந்தாவதில், ‘அரசியையும் யானையையும் ஒருசேரத் தாக்கலாம்.’ அதுவும் உண்மை. ஆறாவதில், ‘என் யானைக்கு ஆபத்து.’ இதுவும் உண்மையே. அவர் கண்டவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும், ‘எதிராளி ஏன் இவ்வாறு செய்தார்? அடுத்து என்ன செய்ய விழைகிறார்?’ என்னும் வினா ஒருமுறைகூட அவர் உள்ளத்தில் எழவில்லை. கறுப்புக் குதிரை காவலை விட்டு அகன்றபோதே அவ்வினா எழுந்திருக்க வேண்டும். எழுந்திருந்தால், தம் எஃப்-3 குதிரையால் டி-4 குதிரையை அமைதியாக வெட்டியிருப்பார். கறுப்புச் சிப்பாய் அதனைத் திருப்பி வெட்டியபின் கோட்டை கட்டியிருப்பார். வெள்ளை அரசர் பாதுகாப்பாக இருக்க, கறுப்பின் அரசி, அமைச்சர், யானை எவையும் வெளியே வராத நிலை அது. ஐந்தாம் நகர்த்தலில்கூட முற்றிலும் காலம் கடந்துவிடவில்லை. அமைச்சரால் எஃப்-7இல் வெட்டிச் ‘செக்’ வைத்திருந்தால், குதிரை போயிருப்பினும் கறுப்பு அரசரும் கோட்டை கட்ட இயலாமல் நடுவில் நின்றிருப்பார்.

எண்ணத்தைத் தேடுதல்

ஆய்வுக்குரியது நகர்த்தல் மட்டுமன்று, அதற்கு முன் நிகழ்ந்த சிந்தனையும்தான். நெதர்லாந்து நாட்டு உளவியலறிஞர் அட்ரியான் டி குரூட் தம் ஆய்வேட்டை 1946இல் வெளியிட்டார். அவரும் தேர்ந்த ஆட்டக்காரரே. ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைக் காட்டி, சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்து அவர் பதிவு செய்தார். முதல்நிலை வல்லுநர்கள் மற்றத் தேர்ந்த ஆட்டக்காரர்களைவிட மிகப்பல நகர்த்தல்கள் முன்னோக்கிக் கணக்கிடுவதில்லை என்பது அவர் கண்டது. எவற்றைக் கணக்கிட வேண்டும் என்று காண்பதில்தான் அவர்கள் வேறுபட்டனர். ‘நான் ஏன் அதனைக் காணவில்லை?’ என்னும் வினாவின் மதிப்பு இங்கே விளங்கும்.

இவ்வாய்வைத் தம் பயிற்சியின் மையமாக்கிக்கொண்டவர் சோவியத் நாட்டு மிகைல் போட்வின்னிக். மின்பொறியாளரான இவர், 1948இல் உலக வாகையர் ஆனார். ஒருவர் தம் ஆட்டங்களைத் தாமே ஆய்ந்து, அவ்வாய்வை அச்சிலும் வெளியிட வேண்டும் என்பது இவர் கொள்கை. தனியே எழுதும்போது நம்மை நாமே மன்னித்துக்கொள்வோம். அச்சில் வந்துவிட்டால் பிறர் குறை காண்பர் என அஞ்சி உண்மையைத் தேடுவோம். 1960இல், 23 வயது மிகைல் டாலிடம் இவர் பட்டத்தை இழந்தார். தாம் தோற்ற அப்போட்டியின் ஆட்டங்களை ஆராய்ந்தபின் 1961இல் மீண்டும் மோதினார். டாலுக்கு உகந்த சிக்கலான தாக்குதல்களைத் தவிர்த்து, இறுக்கமான நிலைகளுக்கும் காய்கள் குறைந்த இறுதி ஆட்டங்களுக்கும் போட்டியை இழுத்துச் சென்றார். அப்போது அவருக்கு 49 வயது. 13–8 என்னும் புள்ளிக்கணக்கில் பட்டத்தை மீட்டார். (சென்னையில் ஆனந்த் இளமையில் ஆடிப் பழகிய சதுரங்கக் கழகம் டாலின் பெயரையே தாங்கியிருந்தது.) கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூன்று உலக வாகையர்களும் போட்வின்னிக்கிடம் பயின்றவர்கள்.

கணினி எப்போது?

இன்று கையளவுக் கருவியில் இயங்கும் ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற செயலிகள் உலக வாகையரையும் வெல்லும் வலிமை உடையவை. ஆட்டம் முடிந்த மறுநொடியே பிழைகளைச் சிவப்பில் காட்டிவிடும். எனினும், அவற்றை முதலில் திறப்பது விடைப்பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவதற்கு ஒப்பாகும். மேற்கண்ட ஆட்டத்தில் ‘நான்காம் நகர்த்தல் பிழை’ என்று கணினி சரியாகவே சொல்லும். மாணவர் எதிராளியின் நோக்கத்தைக் கேட்க மறந்தார் என்பது அதற்குத் தெரியாது. அதனை அறிந்தவர் மாணவர் ஒருவரே. ஒருநாளாவது தாமே பலகையில் நகர்த்திப் பார்த்து, ஐயங்களை எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் அவ்வையங்களை மட்டும் கணினியிடம் கேட்பதே முறை. சிப்பாயின் மதிப்பில் கால்பங்கு அரைப்பங்கு வேறுபாடுகளை எண்ணித் தொடக்கநிலையினர் வருந்த வேண்டுவதில்லை.

வென்ற ஆட்டங்களையும் விட்டுவிடலாகாது. எதிராளியின் பிழையால் கிட்டிய வெற்றிக்குள் நம் பிழைகள் எளிதில் ஒளிந்துகொள்ளும். பத்துப் பதினைந்து ஆட்டங்களின் குறிப்புகள் சேர்ந்தபின் அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால், வெவ்வேறாகத் தோன்றிய பிழைகளுள் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது புலப்படும். சிலர் காய் கிடைத்தவுடன் அவசரப்படுவர்; சிலர் நேரம் குறைந்ததும் கலங்குவர்; சிலர் வெல்லும் நிலையில் அயர்வர்.

ஆய்வின் முதல் துணைவர் எதிராளிதான். போட்டி முடிந்து கைகுலுக்கியபின், தோற்றவரும் வென்றவரும் காய்களை மீண்டும் அடுக்கி, ஆடிய வழியையும் ஆடாத வழிகளையும் பேசிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். நம் மாணவர் அவ்வாறு அமர்ந்திருந்தால், டி-4இல் குதிரையை வைத்தபோது எது நிகழக்கூடாதென்று எதிராளி அஞ்சினார் என்பதை அவர் வாயாலேயே கேட்டிருப்பார். அக்குதிரை வெட்டப்படுமோ என்பதே அவ்வச்சமாக இருந்திருக்கும்.