மஞ்சட் கறையும் கேசரிக் கறையும்

விடுதி விழா விருந்து முடிந்த மறுநாட் காலையில் நம் கல்லூரி விடுதியின் குழாயடிக்குச் சென்று நோக்குவார்க்கு ஒரு காட்சி புலனாகும். முதல்நாள் மாலை பால்போல் விளங்கிய வேட்டிகள், சாம்பாரும் கேசரியும் பட்ட வடுக்களோடு சோப்பு நுரையிற் கிடந்து அல்லலுறுவதே அக்காட்சி. உடையவர்களோ கல்லின்மேல் ஓங்கி அறைந்தும், கை நோகக் கசக்கியும், வெந்நீரிலிட்டும் போராடுவர். இம்முயற்சிகளுட் சில, கறையைப் போக்குதற்கு மாறாக அதனை நிலைபெறச் செய்வன என்பதை அவர் அறியார். யாமும் ஒருகால் அறிந்திலேம். அவ்வறியாமையாற் பிறர் பொருள் ஒன்றைக் கெடுத்தோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

உணவுக்கு நிறமூட்டும் பொருள்கள் பலவெனினும், நம் ஆடைக்கு வாய்க்கும் பகைவர் பெரும்பாலும் இருவரே. ஒன்று மஞ்சள்; மற்றொன்று கேசரிப் பவுடர் என்று கடைகளில் விற்கப்படும் செயற்கைச் சாயம். இலையில் இவை ஏறக்குறைய ஒரே நிறமாய்த் தோன்றினும், இயல்பால் ஒன்றுக்கொன்று முற்றும் வேறானவை. ஒன்றற்கு மருந்தாவது மற்றொன்றற்கு நஞ்சாதலும் உண்டு.

முதற்கண் மஞ்சளை நோக்குவோம். அதன் நிறத்திற்குக் காரணமானது குர்க்குமின் என்னும் பொருள். 1815-ஆம் ஆண்டில் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் இதனைப் பிரித்தெடுத்தனர். இதன் அமைப்பு 1910-இல் தெளிவாயிற்று. இது நீரிற் கரைவது அரிது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் எளிதிற் கரையும். ஆதலின், தாளித்த சாம்பாரின் துளி பட்டவிடத்து, எண்ணெயே மஞ்சளை நூலிழையினுள் ஏற்றிச் செல்லும் வாகனமாகின்றது. வெறுந் தண்ணீரை எத்துணை வார்ப்பினும் பயனின்மை இதனால் விளங்கும். மேலும், பருத்தி நூலில் வேறொரு பொருளின் துணையின்றியே பற்றிக்கொள்ளும் ஆற்றல் மஞ்சளுக்கு உண்டு.

சோப்பிட்டால் எண்ணெய் நீங்கும். ஆனால் அப்பொழுதே மஞ்சட் கறை குருதிபோற் சிவக்கக் கண்டு பலர் திகைப்பர். திகைத்தற்கு இடமில்லை. மஞ்சள் நீரிற் சுண்ணாம்பைக் கலந்து ஆரத்தி கரைக்கும் நம் பாட்டிமார் இம்மாற்றத்தை நன்கறிவர். காரம் சேர்ந்தாற் சிவத்தலும், புளிப்புச் சேர்ந்தால் மீண்டும் மஞ்சளாதலும் இப்பொருளின் இயற்கை. இதுபற்றியே மஞ்சள் தோய்ந்த தாள் இரசாயனசாலையிற் காரத்தை அறியும் கருவியாய்ப் பயன்பட்டது. நம் சலவைச் சோப்பும் சலவைச் சோடாவும் காரமுடையன. வேட்டி சிவந்ததன் மறைபொருள் இவ்வளவே. எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தாற் செம்மை மறைந்து மஞ்சள் தோன்றும். கறை போயிற்றா எனின், இல்லை, வேடம் மாறிற்று.

மஞ்சளுக்கு உண்மைப் பகைவன் வெயிலே. ஒளி பட்டால் குர்க்குமின் சிதைந்து நிறமிழக்கும். கோடி வேட்டியின் மூலையில் மங்கலத்திற்காகத் தடவும் மஞ்சள், சில சலவைக்குள் தடமின்றி மறைதலை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். கண்டும் அதனாற் பாடங் கற்றிலோம். ஆகவே வெண்பருத்தி ஆடையாயின், சோப்பிட்டு எண்ணெயை நீக்கி, நன்றாக அலசி, ஈரத்தோடு கடும் வெயிலில் விரிக்க. ஒருநாளிற் போகாவிடின் மறுநாளும் அவ்வாறே செய்க. பொறுமையில்லார் மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தோய்த்து ஒற்றியெடுக்கலாம். ஐரோப்பாவிலும் முற்காலத்தில் துணியைப் புல்வெளியில் மாதக்கணக்காக விரித்தே வெளுத்தனர். 1785-இற் பெர்த்தொலே என்பார் குளோரினாற் துணியை வெளுக்கலாமெனக் காட்டியதும், 1799-இல் டெனன்ட் என்பார் பிளீச்சிங் பவுடருக்கு உரிமை பெற்றதுமே அவ்வழக்கத்தை மாற்றின. அத்தூளைப் பட்டிலும் கம்பளியிலும் ஒருபோதும் இடலாகாது, நூலே அழியும். எலுமிச்சைச் சாற்றோடும் காடியோடும் அதனைக் கலத்தலும் ஆகாது. மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும்.

இனிக் கேசரிக் கறை. கேசரிக்கு நிறந்தரும் சாயங்களுள் டார்ட்ரஸீன், ஸன்ஸெட் எல்லோ என்பன பெரிதும் வழங்குவன. இவை நீரில் எளிதிற் கரையும். பருத்தியில் உறுதியாய்ப் பற்றா. ஆதலின் வேட்டியிற் பட்டவுடன், கறையின் பின்புறத்தினின்று குளிர்ந்த நீர் பாயுமாறு குழாயின்கீழ்ப் பிடித்தாற் பெரும்பகுதி ஓடிவிடும். எஞ்சியது சோப்பிற்கு அடங்கும். பட்டும் கம்பளியும் அங்ஙனமல்ல. இச்சாயங்கள் பட்டுக்கும் கம்பளிக்கும் நிறமேற்றும் சாயங்களின் உடன்பிறப்புக்களே. சாயத் தொழிலாளர் பட்டுக்கு நிறமேற்றுங்கால் சாயநீரிற் சிறிது புளிப்பைச் சேர்த்துச் சூடேற்றுவர். ஈரமும் வெப்பமும் புளிப்பும் கூடியவழிச் சாயம் நூலோடு பிணைந்துவிடும்.

யாம் மாணவராயிருந்த காலத்து ஒரு விடுதி விழாவில் வரவேற்புரை கூறும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. அறைத்தோழர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் பட்டு அங்கவஸ்திரத்தை எமக்கு அணியத் தந்தார். விருந்தில் ஒரு கவளம் கேசரி அதன்மேல் வீழ்ந்தது. எலுமிச்சையால் மஞ்சளின் செம்மை மறைதலை அறிந்திருந்த யாம், அவ்வறிவின் செருக்கால் ஒரு முழுப் பழத்தைக் கறைமேற் பிழிந்து, நண்பர் வருமுன் உலர்த்திவிடக் கருதிச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினோம். சாயத் தொழிலாளர் செய்வதை ஒன்றும் குறையாமற் செய்து முடித்தோம். நண்பர் வந்து பார்த்தார், ஒன்றும் கூறிற்றிலர்.

செய்யத்தக்கது வேறு. உடனே குளிர்ந்த நீரில் மெல்ல அலசுக, தேய்க்காது ஒற்றுக. எஞ்சியதற்கு, ஒரு குவளை நீரிற் சில துளி அம்மோனியா இட்டு, முதலில் ஓரத்திற் சோதித்து, ஆடையின் சொந்த நிறம் கலங்காவிடிற் கறையைச் சிறிதுபோழ்து நனைத்துப் பின்பு நன்றாக அலசுக. காரம் மிகின் பட்டுக் கெடும். கறை முழுதும் நீங்கும்வரை இஸ்திரிப் பெட்டி அணுகலாகாது.

பின்னாளில் இரசாயனம் பயின்று இம்முறையை அறிந்தபின், அவ்வங்கவஸ்திரத்தை வாங்கிவந்து மூன்றுமுறை முயன்றோம். பாதி நிறம் போயிற்று. நண்பர் தம் மகனின் திருமணத்தில் அதனை அணிந்திருந்தார். கறை உட்புறமாக மடிக்கப்பட்டிருந்தது.