களிமண்ணில் ஒரு கிரேக்கச் சீட்டு



1933-ஆம் ஆண்டு ஈரானில், பண்டைய பாரசீகப் பேரரசின் தலைநகரான பெர்செபொலிஸில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. மதிலை ஒட்டிய சிற்றறைகளில் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் முதலாம் டேரியஸ் மன்னர் காலத்துக் கணக்குகள், கி.மு. 509 முதல் 493 வரையிலானவை. போர்க்கதையோ அரசன் புகழோ அவற்றில் இல்லை. யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு திராட்சை மது, எத்தனை ஆடு என்பதுதான் இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தந்த தனிப் படியைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண் பிள்ளை என்றால் இரு மடங்கு! அந்தப் பாகுபாடு எத்தனை பழையது பாருங்கள்.

பெரும்பாலான ஏடுகள் ஈலாமிய மொழியில் உள்ளன. அவற்றுக்கு நடுவே, கைக்குள் அடங்கும் ஓர் ஏடு மட்டும் கிரேக்க மொழியில். அதில் சில சொற்களே உண்டு: திராட்சை மது, இரண்டு மாரிஸ், தெபேத். மாரிஸ் என்பது கீழை நாட்டு அளவை. தெபேத், பாபிலோனிய மாதப் பெயர். நமக்கு மார்கழி, தை.

பாரசீகரும் கிரேக்கரும் மோதிய மாரத்தான் போர் நடந்தது கி.மு. 490-இல். அதற்கு முன்பே பாரசீக மன்னரின் பண்டகசாலைக் கணக்கில் கிரேக்க மொழி புழங்கியிருக்கிறது.

கி.மு. 330-இல் அலெக்சாந்தரின் படை பெர்செபொலிஸ் அரண்மனையை எரித்தது. ஏடுகள் தப்பின.

பாரசீகர் கிரேக்கரை 'யவுனா' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கும், நம் சங்கப் பாடல்களில் வரும் 'யவனர்' என்ற சொல்லுக்கும் அயோனியா என்ற கிரேக்க நிலத்தின் பெயரே வேர்.