விருந்தின் மறுநாள்

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் போனக்காடு என்னும் மலையூர் அமைந்துள்ளது. விதுராவைக் கடந்து, காட்டுவழியே ஏறிச் சென்றால் இவ்வூரை அடையலாம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு ஏறுவோர் இங்கிருந்தே தம் நடைப்பயணத்தைத் தொடங்குவர். இம்மலைப் பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் உலக உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இங்குத் தேயிலைத் தோட்டம் உருவானது. கொழுந்து பறிக்கத் தமிழர் பலர் மலையேறினர். அவர்கள் குடியிருக்கக் கட்டப்பட்ட வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராக இருக்கும். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகின்றனர். ஆகவே, ஓணம், தீபாவளி, கிறித்துமஸ், பொங்கல் என இருமாநிலப் பண்டிகைகளும் இம்மலைக்கு உரியவை ஆயின.

பண்டிகையும் வருவாயும்

தோட்டத் தொழிலாளரின் பண்டிகை பெரும்பாலும் போனஸை நம்பியே இருக்கும். போனஸ் குறித்த சட்டம், ஆண்டு ஊதியத்தில் 8.33 விழுக்காட்டைக் குறைந்த அளவாக வகுத்துள்ளது. அஃது ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் ஆகும். கேரளத் தோட்டங்களில் ஓணத்தை ஒட்டி இத்தொகை வழங்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு மலையில் போனஸ் குறைக்கப்பட்டபோது, தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து போராடினர். ஒரு குடும்பத்தின் புத்தாடையும் பலகாரமும் அத்தொகையில் அடங்கியிருப்பதை அப்போராட்டம் நாட்டிற்கு உணர்த்தியது.

போனக்காட்டிலோ நிலைமை இன்னும் கடினமானது. தோட்டம் நலிவுற்றது; தேயிலை ஆலையின் பொறிகள் ஓய்ந்தன; ஊதியமே தடைபட்டது. பலர் வேறு கூலிவேலைகளைத் தேடி மலையிறங்கினர். ஆனால், வேலை நின்றது போலப் பண்டிகை நிற்பதில்லை. ஆண்டுதோறும் அது வாசலுக்கு வந்துவிடுகிறது; பிள்ளைகளும் அதற்காகக் காத்திருக்கின்றனர்.

‘காணம் விற்றும் ஓணம் உண்ண வேண்டும்’ என்பது மலையாளப் பழமொழி. உடைமையை விற்றேனும் ஓண விருந்து உண்ண வேண்டும் என்பது இதன் கருத்து. விற்பதற்கு நிலம் இல்லாதவர் கடன் வாங்க நேரும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால், மாத வட்டி 250 ரூபாய் ஆகும். அடுத்த ஓணம் வருவதற்குள் வட்டி மட்டும் 3,000 ரூபாயாகிவிடும். முதல் அப்படியே நிற்கும். ஒருநாள் விருந்து ஓராண்டுச் சுமையாக மாறும். ஆகவே, கைக்கு அடக்கமாகக் கொண்டாடுவதும், சமைத்ததை வீணாக்காமல் இருப்பதும் குடும்பத்தைக் காக்கும் அறிவாகும்.

பழங்கறி என்னும் புதுக்கறி

ஓண விருந்தில் சாம்பார், அவியல், கூட்டுக்கறி, காளன், தோரன் எனக் கறிகள் பலவாக இருக்கும். ஒவ்வொன்றும் சிறிதளவே பரிமாறப்படும். அதனால் விருந்து முடிந்தபின் ஒவ்வொரு பாத்திரத்திலும் சிறிது எஞ்சும். தனித்தனியே எடுத்தால் எதுவும் ஒரு வேளைக்குப் போதாது. சேர்த்தால் குடும்பம் முழுவதும் உண்ணலாம்.

மறுநாள் இவற்றை ஒரு மண்சட்டியில் ஊற்றிச் சிறுதீயில் கிளறிச் சுண்ட வைப்பர். மலையாளத்தில் இதற்குப் ‘பழங்கூட்டான்’ என்று பெயர். திருநெல்வேலி, நாகர்கோவில் பகுதிகளில் ‘பழங்கறி’ என்றும் ‘சுண்டக்கறி’ என்றும் வழங்குவர். கன்னியாகுமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை, திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில் இருந்தது. எல்லை பிரிந்த பின்னும் சுவை பிரியவில்லை.

சுண்டும்போது நீர் ஆவியாகி, குழம்பு இறுகுகிறது. புளியும் உப்பும் காய்களுக்குள் நன்கு ஊறுகின்றன. இதனால் முதல்நாள் இல்லாத ஒரு சுவை மறுநாள் பிறக்கிறது. தயிர் சேர்த்த காளன், பச்சடி ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியே வைத்துவிடுவர். மிகுந்த சூட்டில் தயிர் திரிந்துபோகும் என்பதே காரணம்.

தேங்காய் அரைத்து ஊற்றிய கறி விரைவில் கெடும். எனவே, எஞ்சிய கறிகளை இரவே ஒருமுறை நன்கு கொதிக்க வைப்பர். ஆறியபின் மூடி வைத்து, காலையில் மீண்டும் கொதிக்க வைப்பர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் கண்ட முறை இது. பெட்டி உள்ள வீடுகளில் இரண்டு மணி நேரத்திற்குள் அதில் வைத்துவிடுவது நலம்.

பழஞ்சோறு

பழங்கறிக்கு ஏற்ற துணை பழஞ்சோறு. எஞ்சிய சோற்றை ஆறவைத்துத் தூய நீர் ஊற்றி மூடினால், இரவில் அது புளிக்கத் தொடங்கும். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிகளின் இனத்தைச் சேர்ந்தவையே சோற்றையும் புளிக்க வைக்கின்றன. அவை உண்டாக்கும் புளிப்பு, தீய நுண்ணுயிரிகள் பெருகுவதைத் தடுக்கிறது. காலையில் சின்ன வெங்காயமும் மோரும் சேர்த்தால் உணவு ஆயத்தம்.

நீர் ஊற்றாத சோற்றை இளஞ்சூட்டில் நெடுநேரம் விட்டுவைப்பது வேறு. சமைத்த சோற்றிலும் வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் எஞ்சியிருக்கும். அவை பெருகினால் நச்சுப்பொருள் உண்டாகும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு முற்றிலும் நீங்காது. பிசுபிசுப்போ துர்நாற்றமோ தோன்றினால் அச்சோற்றைக் கொட்டிவிட வேண்டும். சிக்கனம் என்பது கெட்டதை உண்பது அன்று. கெடுவதற்கு முன் பயன்படுத்துவதே சிக்கனம்.

மழைக்கு ஒரு முறை, வெயிலுக்கு ஒரு முறை

ஓணம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வரும். அப்போது மேற்கு மலைத்தொடரில் மழையும் மூடுபனியும் மிகுதி. எனவே, எஞ்சியதை அடுப்பில் சுண்ட வைப்பதே வழி. பொங்கல் வரும் சனவரியிலோ மழை குறைந்து வெயில் காயும். எஞ்சிய சோற்றுடன் உப்பு, சீரகம், மிளகாய் சேர்த்து அரைத்துத் துணிமீது கிள்ளி வைத்தால், சில நாள் வெயிலில் வடகம் ஆகிவிடும். அதைப் பல மாதம் வைத்துப் பொரித்து உண்ணலாம். எஞ்சிய இட்டலி மறுநாள் உப்புமா ஆகும். காலத்தை அறிந்து உணவைக் காத்தனர் முன்னோர்.

மிச்சம் வேறு, எச்சில் வேறு

தமிழில் இவ்விரு சொற்களுக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. பாத்திரத்தில் கைபடாமல் இருப்பது மிச்சம்; இலையில் உண்டு விட்டது எச்சில். மிச்சத்தைப் பிறரோடு பகிரலாம். எச்சிலைப் பகிர்தல் மதிப்பன்று. இலையும் அதில் எஞ்சியதும் மாட்டிற்கும் ஆட்டிற்கும் உரியவை. ஆகவே, பழங்கறி உண்பது வறுமையின் அடையாளம் அன்று. அதைப் பக்கத்து வீட்டாருக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்புவதும் குறைவன்று.

ஒட்டுச்சுவர் வீடுகளில் இப்பகிர்வு எளிது. ஒரு வீட்டில் முறுக்கும் மறுவீட்டில் அதிரசமும் செய்து மாற்றிக்கொண்டால், எண்ணெயும் விறகும் மிச்சமாகும். எல்லா வீட்டிலும் இருவகைப் பலகாரம் இருக்கும். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கோ செலவே இல்லை. ஓணத்திற்குத் தும்பையும் காட்டுப்பூக்களும் பறித்து வாசலில் பூக்களம் இடலாம். மரக்கிளையில் ஊஞ்சல் கட்டலாம். பொங்கலுக்கு அரிசிமாவில் கோலமிடலாம். அது எறும்புக்கும் உணவாகும்.

பிற மாநிலங்களில்

இவ்வழக்கம் தென்னாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஒடிசாவில் நீரூற்றிய சோற்றைப் ‘பகாளம்’ என்பர். மார்ச் 20ஆம் நாளை அதற்குரிய நாளாகக் கொண்டாடுகின்றனர். வங்காளத்தில் அது ‘பாந்தா பாத்’ எனப்படும். இராசத்தானில் ஓலி முடிந்து எட்டாம் நாளில் வரும் ‘பாசோடா’ விழாவில் அடுப்பு மூட்டாமல், முந்தைய நாள் சமைத்ததையே உண்பர். தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்ப் பிள்ளை, தன் வகுப்புத் தோழரின் வீட்டிலும் ஒரு பழஞ்சோற்றைக் காண முடியும்.

ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணாயிற்று. பெரிய நகரங்கள் இன்று கற்க முயலும் பாடத்தை, மலையூரின் மண்சட்டி நெடுநாளாகவே அறிந்திருக்கிறது. விருந்தின் மகிழ்ச்சி இலையின் நீளத்தில் இல்லை. மறுநாள் காலையில் கடனும் கவலையும் இன்றி, குடும்பம் ஒன்றாக அமர்ந்து பழங்கறியைப் பகிரும்போதும் அப்பண்டிகை தொடர்கிறது.

பயிற்சி

1. மிச்சம், எச்சில் – வேறுபாடு கூறுக.
2. ஓணத்தில் சுண்டக்கறியும் பொங்கலில் வடகமும் செய்வதற்கு ஏற்ற காரணங்களை எழுதுக.
3. 4,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஓராண்டு வட்டி எவ்வளவு?
4. உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, பண்டிகையின் மறுநாள் உண்ணும் உணவு ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.