டேட்டாபேஸ் வேகமும் கடைக்காரரின் உரிமையும்

மாலை நேரம், மருந்துக் கடையில் கூட்டம். 'சேவ்' கொடுத்தால் திரை அப்படியே நிற்கிறது. கடைக்காரர் சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போடுகிறார். அவர் இருந்த இடத்திலிருந்தே ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றுகிறார், பில் மளமளவென்று விழத் தொடங்குகிறது. என்ன மாற்றினார் என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும்.

பில் பதிவாகிவிட்டது என்று டேட்டாபேஸ் சொன்னால், அந்த நொடியே கரண்ட் போனாலும் அது அழியாது என்று பொருள். டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தே அது இந்த உத்தரவாதத்தைத் தருகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதினால் விநாடிக்குச் சுமார் 120தான் முடியும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 'எஃப்சிங்க்' என்ற செட்டிங்கை அணைத்தால் இந்தக் காத்திருப்பு நீங்கும். ஆனால் திடீரென மின்சாரம் நின்றால் மொத்த டேட்டாபேஸும் சிதையலாம். 'சிங்க்ரனஸ் கமிட்'டை மட்டும் அணைத்தால் சிதைவு வராது. கடைசி சில நொடித்துளிகளின் பதிவுகள் போகலாம். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸிலும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக்கை எழுதும் முறையைத் தளர்த்தினால் ஏறக்குறைய ஒரு விநாடிப் பதிவுகள் தொலையலாம். இணையதளப் பார்வையாளர் எண்ணிக்கைக்கு இது பரவாயில்லை, பணக் கணக்குக்கு ஆகாது.

பாதுகாப்பைக் கைவிடாமலே வேகம் கூட்டலாம். நூறு வரிகளை நூறு முறை சேமிக்காமல் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதலாம். லாக் ஃபைலைத் தனி டிஸ்க்கில் வைக்கலாம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறைகளில், ரெய்டு 5ல் ஒரு சிறு பதிவை எழுதவே நான்கு டிஸ்க் வேலைகள் நடக்கும், ரெய்டு 10ல் இரண்டு போதும். நேற்றுவரை வேகமாக ஓடிய சர்வர் இன்று திணறினால் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அது பழுதானால் பல கார்டுகள் எழுத வேண்டியதை இடையில் தாங்கும் கேஷைத் தாமாகவே நிறுத்திவிடும். எஸ்எஸ்டி வாங்குவோர், மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரகமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சில நேரம் குறை டிஸ்க்கிலேயே இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான 'ரெட்' டிஸ்க்குகள் சிலவற்றில், டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் முறை இருந்தது 2020 ஏப்ரலில் வெளிவந்தது. இம்முறையில் ஓரிடத்தைத் திருத்த, பக்கத்து டிராக்குகளையும் திரும்ப எழுத வேண்டும். இடைவிடாமல் எழுதினால் வேகம் சரியும். விற்கும்போது நிறுவனம் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. ரெய்டில் பழுதான டிஸ்க்குக்குப் பதில் இவற்றைப் போட்டவர்கள் திண்டாடினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மாடல் பட்டியல் வெளியானது. அமெரிக்காவில் இது தொடர்பான வழக்கு சமரசத்தில் முடிந்து, வாங்கியவர்களுக்கு ஒரு பகுதிப் பணம் திரும்பியது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் திறனையும் அறியும் உரிமையைத் தருகிறது. வணிகத்துக்காக வாங்குவோர் இதில் சேரமாட்டார்கள் என்றாலும், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான். 1915 என்ற உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். டிஸ்க்கின் முழு மாடல் எண் பில்லில் இருக்கட்டும். செட்டிங்கை மாற்றுமுன் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.