கலத்தின் அடிப்பூச்சு

மரக்கலத்தைப் புகழ்ந்தோர் அதன் பாயையும் கூம்பையும் கொடியையும் புகழ்ந்தனர். நீருள் மறைந்து கிடக்கும் அடிப்புறத்தை நினைந்தோர் மிகச் சிலரே. ஆயினும் கலத்தின் விரைவும் வாழ்நாளும், உடையவனது கைப்பொருளும் அவ்வடிப்புறத்தையே பெரிதும் சார்ந்து நிற்கின்றன. அதற்குப் பூசும் பூச்சு எத்தகையது, அதனை எங்ஙனம் தேர்தல் வேண்டும், எங்ஙனம் பூசுதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வோர்க்கு வண்ணக்குழம்போடு யாது தொடர்பென்று நண்பர் சிலர் நகையாடக்கூடும். நாவாய், அம்பி, தோணி, ஓடம் எனப் பெயர்களை மட்டும் மனப்பாடஞ் செய்து, அவற்றுள் ஒன்றன் அடியையேனும் குனிந்து பாராதிருத்தல் எமக்கு உடன்பாடன்று.

கடல்நீருள் எதனை இட்டாலும் அது நெடும்பொழுது தூயதாய் இராது. சில மணி நேரத்திற்குள் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அதன்மேற் படிந்து வழுவழுப்பான மென்படலமொன்றை உண்டாக்கும். அப்படலத்தின்மேற் பாசி தழைக்கும். பாசியை அடுத்துச் சிப்பியும், குழாய்ப்புழுவும், கொட்டலசும் குடியேறும். இவற்றுள் கொட்டலசின் வரலாறு வியக்கத்தக்கது. நண்டிற்கும் இறாலுக்கும் உறவான இச்சிற்றுயிர் இளமையில் நீரில் நீந்தித் திரியும்; பின்னர் உணவையும் துறந்து, தங்குதற்கோரிடம் நாடும்; இடம் வாய்த்ததும் தலையை அதன்மேல் ஒட்டவைத்துச் சுற்றிலும் சுண்ணாம்புச் சுவரெழுப்பி, வாழ்நாள் முழுதும் தலைகீழாக நின்று, கால்களாலேயே இரையை வாரி வாயிலிடும். அதன் பசை மிக்க உறுதியுடையதாதலின், உயிர் நீங்கிய பின்னும் ஓட்டின் அடித்தகடு பலகையைவிட்டு எளிதிற் பெயர்வதில்லை.

இவை செறிந்த படகு நீரைக் கிழித்துச் செல்லாது. நீரை இழுத்துக்கொண்டு செல்லும். முன்னோடிய வேகத்திற்கே இப்போது மிகுந்த டீசல் எரியும். பிடித்த மீனின் விலையிற் பெரும்பங்கு எண்ணெய்க்குச் செல்லும் தொழிலில் இஃது எளிய இழப்பன்று. மரப்படகிற்கு வேறொரு பகையும் உண்டு. கப்பற்புழுவென வழங்கும் அவ்வுயிர் உண்மையிற் புழுவன்று, சிப்பியினமே. ஊசித்துளையளவான வாயிலாற் புகுந்து உள்ளே பருத்து வளர்ந்து மரத்தைக் குடைதலின், புறத்தே நலமாய்த் தோன்றும் பலகை அகத்தே தேனடை போலாகிவிடும்.

முற்காலத்தார் இதற்குச் சுண்ணாம்பையும் எண்ணெயையும் பிசைந்து பூசினர். நம் கரைகளில் மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் பூசப்பட்டு வந்தன. இங்கிலாந்தின் கடற்படையார் 1761-ஆம் ஆண்டில் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடியிற் செப்புத்தகடு பொதிந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு விடுத்தனர். செம்பு பொதிந்த இடத்தைப் புழு அணுகவில்லை. ஆயினும் 1763-இல் ஆராய்ந்தபோது, செம்பைத் தொட்டு நின்ற இருப்பாணிகள் அரித்து அழிந்திருக்கக் கண்டனர். தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் கிழிபடாது இடையே தங்கிவிட்ட இடங்களில் மட்டும் ஆணி கெடாதிருந்தது. உப்புநீரில் இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்குமாயின் அவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்பதை, ஒரு தாளின் துணுக்கு கற்பித்தது.

1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் இவ்வியல்பையே செம்பின் காவலுக்குப் பயன்படுத்தினார். செம்பும் கடல்நீரிற் சிறிது சிறிதாகக் கரைந்துபோதலைக் கண்டு, அதனொடு இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத் துண்டுகளையும் பிணைத்தார். துண்டுகள் தேய்ந்தன, செம்பு காக்கப்பட்டது. அவர் கணக்குத் தப்பவில்லை. ஆனால் அங்ஙனம் காக்கப்பட்ட செம்பின்மேற் பாசியும் கொட்டலசும் செழித்து வளர்ந்தன! செம்பு கரைந்தாலன்றி உயிர்களை விலக்காது என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது.

இவ்வொன்றை உளங்கொள்ளின் மற்றவை தாமே விளங்கும். வீட்டுக் கதவிற்குப் பூசும் பெயின்ட்டுக்குத் தேயாமை சிறப்பு. கலத்தின் அடிப்பூச்சுக்கோ தேய்தலே தொழில். அதனுட் செம்பின் செந்நிற ஆக்ஸைடு தூளாய்க் கலந்திருக்கும். அத்தூள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு ஒழுங்காக நீரிற் கசிகின்றது என்பதிலேயே பூச்சு வகைகளின் வேற்றுமையெல்லாம் அடங்கும். வன்பூச்சு என்பது தான் கரையாது நின்று, தன்னுள்ளிருக்கும் செம்பை மட்டும் வெளிவிடும். செம்பு தீர்ந்தபின் வெறுங்கூடு எஞ்சும். ஆண்டுதோறும் அதன்மேற் பூசிவரின் கனத்த தோலொன்று திரண்டு ஒருநாள் வெடித்துக் கழலும். மென்பூச்சு, மரப்பிசினாற் கட்டப்பெற்றதாதலின், தானும் சிறிது சிறிதாகத் தேய்ந்து புதிய மேற்புறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது வகை கடல்நீராற் சீராகக் கரைந்து, படகு ஓடுந்தோறும் தன்னைத் தானே மெருகிடுவது, விலை மிகுதி. நஞ்சொன்றுமின்றி வழுக்குந்தன்மையால் மட்டுமே உயிர்களை உதறும் சிலிக்கோன் பூச்சும் உண்டு. அது விரைந்து நெடுந்தூரம் செல்லும் பெருங்கப்பலுக்குப் பொருந்தும். படகோடு படகு உரசி நெருங்கிக் கிடக்கும் நம் துறைகளில் அது கீறுண்டு விரைவிற் பயனழியும் என்பது எம் கருத்து.

செம்பிலும் வலிய நஞ்சொன்று இடைக்காலத்தில் வந்து போயிற்று. வெள்ளீயச் சேர்வையாகிய டி.பி.டி. என்பதைக் கலந்த பூச்சு 1960-களிற் பரவியது. அதன் ஆற்றலுக்கு அனைவரும் வியந்தனர். பின்னர்ப் பிரான்சு நாட்டு ஆர்க்கஷோன் விரிகுடாவிற் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்தது; குஞ்சுகள் பிழைக்கவில்லை. கடற்கரைப் பாறைகளில் வாழும் நத்தையினங்களுட் பெண்ணுயிர்க்கு ஆணின் உறுப்புத் தோன்றி இனப்பெருக்கம் தடைப்பட்டது. 1982-இல் பிரான்சும் 1987-இல் பிரிட்டனும் சிறுகலங்களுக்கு அதனை விலக்கின. 2001-இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17-இல் நடைமுறைக்கு வந்து, எக்கலத்திற்கும் அது ஆகாதென விதித்தது. படகின்மேற் பூசியது படகோடு நில்லாது. செம்பும் நஞ்சே, அளவிற் குறைந்ததென்பதே வேறுபாடு. ஆகவே வேண்டுமளவே பூசுதல் தகும்.

இனித் தேர்வைக் கூறுவாம். நாள்தோறும் மணலில் இழுத்தேற்றிக் காயவிடும் கட்டுமரத்திற்கும் சிறு பைபர் படகிற்கும் இப்பூச்சு வேண்டுவதேயில்லை. வெயிலே அவற்றுக்கு மருந்து. நீரிலேயே மிதந்து கிடக்கும் விசைப்படகிற்கே இது வேண்டும். நாள்தோறும் ஓடும் படகிற்கு மென்பூச்சோ மெருகிடும் பூச்சோ ஏற்றது. அடிக்கடி துடைத்துக் கழுவப்படும் அதிவேகப் படகிற்கு வன்பூச்சு ஏற்கும். ஆயினும் கரையில் நெடுநாட் கிடப்பின் அதன் ஆற்றல் குன்றும். அலுமினியப் படகிற்குச் செம்பு ஆக்ஸைடு கலந்த பூச்சு எவ்வாற்றானும் ஆகாது. ‘அலாரம்’ கப்பலின் ஆணிகளுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். எஃகிற்கு இடையே எபாக்ஸி காப்புப்பூச்சு முழுதும் படிந்திருத்தல் வேண்டும். மரத்திற்கோ, ஒரு கீறலும் இல்லாதிருத்தலே முதன்மை. கப்பற்புழுவுக்கு அக்கீறலே வாயில்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாதென்பது விதி. முன்பு 45 நாளாயிருந்த இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. படகுகளைக் கரையேற்றிக் கலப்பற்றுப் பார்ப்பதும் அடிப்பூச்சுப் பூசுவதும் பெரும்பாலும் இந்நாட்களிலேயே. கோடையாதலின் மழையச்சம் குறைவு. ஆனால் வெயிலாற் கொதிக்கும் பலகைமேற் பூசினால், பூச்சு பரவுமுன்னே உலர்ந்து திட்டுத்திட்டாகும். பனியீரம் நீங்கிய காலையும் வெயில் தாழ்ந்த மாலையுமே தக்க பொழுதுகள்.

முதலில் நல்லநீரால் உப்பறக் கழுவுக. கொட்டலசின் அடித்தகடுகளையும் விடாது சுரண்டுக. மேலோடு மட்டும் உடைத்து அதன்மேற் பூசுதல் வீண். பின் நீர்தோய்த்த உப்புத்தாளால் தேய்க்க. உலர்ந்த தேய்ப்பில் எழும் செந்தூள் நஞ்சுத்தூள். மூக்கையும் வாயையும் வெறுந்துணியால் மட்டும் மறைத்துக்கொண்டு அதனிடையே நாள்முழுதும் தேய்க்கும் கூலியாட்களைத் துறையொன்றில் யாம் கண்டதுண்டு. தூள் தடுக்கும் முகமூடியின் விலை ஒரு தகரப் பூச்சின் விலைமுன் ஒரு பொருட்டன்று; அதனை வாங்கித் தருதல் படகுடையார் கடன். பழம்பூச்சு இன்ன வகையென்று தெரியாவிடின், புதியது அதனொடு ஒட்டும்பொருட்டு இடைப்பூச்சொன்று இடுக. புதிய பைபர் படகாயின் அச்சிலிருந்து வந்த மெழுகை முற்றும் துடைத்த பின்னரே பிரைமர் ஏற்கும்.

எத்துணைப் பூச்சு வேண்டும்? நீர்மட்டத்தில் அளந்த நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையாற் பெருக்கின், அகன்ற அடியுடைய படகின் நனையும் பரப்பு ஏறக்குறையக் கிடைக்கும். நீளம் 12 மீட்டர், அகலம் 4, ஆழம் 1.5 எனின், பரப்பு 66 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டரெனத் தகரத்தில் அச்சிட்டிருப்பின், இருமுறை பூச 13 லிட்டருக்குச் சற்று மேலாகும்.

செம்புத்தூள் கனமுடையதாதலின் தகரத்தின் அடியிற் கட்டியாய்த் தங்கும். அடிவரை கோலிட்டு நெடிது கலக்காமற் பூசுவோர், மேலே மிதக்கும் பிசினைப் படகிற்கும், காசு கொடுத்த செம்பைக் குப்பைக்கும் கொடுத்தவராவர். நீர்க்கவேண்டி மண்ணெண்ணெய் முதலியன ஊற்றுதலும் அத்தகையதே. முதற்பூச்சு ஒரு நிறமும் இரண்டாவது வேறு நிறமுமாக இருத்தல் நன்று. அடியிலுள்ள நிறம் தோன்றுமாயின், மீண்டும் பூசும் காலம் வந்ததென அறியலாம். அணியம், சுக்கானின் விளிம்பு, நீர்மட்டக் கோடு என்னும் நீர் மிகுதியாய் மோதும் இடங்களுக்கு மட்டும் இன்னுமொரு பூச்சு இடுக. சுக்கானருகே பொருத்திய துத்தநாகக் கட்டிகளின்மேல் ஒரு துளியும் படலாகாது. அவை எஃகிற்காகத் தாம் தேயவேண்டியவை.

நீரிலிறக்குதற்குரிய மிகக் குறைந்த நேரமும் மிக நீண்ட நேரமும் தகரத்திலேயே குறித்திருக்கும், அவ்வெல்லைக்குள் இறக்குக. சுரண்டியெடுத்த செதில்களைப் படகின் கீழ் முன்னரே விரித்த தார்ப்பாயோடு சுருட்டிக் கட்டி அகற்றுக. அவற்றை மணலில் விட்டால், அடுத்த ஏற்றத்தில் அவை அந்தத் துறைநீருக்கே சென்று சேரும்.