வரைபடம் காட்டும் எண்ணும் தங்கவயலின் அதிர்வும்

கட்டடம் எழுப்பும் பொறியாளர், அந்த ஊர் எந்த நிலநடுக்க மண்டலத்தில் அமைந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முன்பு அச்சிட்ட படத்தில் ஊரைத் தேடினர். இன்று, நடுவணரசின் கட்டடப் பொருள் தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றம் உருவாக்கிய பேரிடர் வரைபடத் தொகுப்பை இணையத்தில் திறந்து, மாவட்டத்தைத் தேடிக் காணலாம்.

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் கோலார் தங்கவயலைத் தேடுவோம். அது இரண்டாம் மண்டலத்தில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் இந்தியத் தரநூல் இம்மண்டலத்திற்குத் தரும் எண் 0.10. ஐந்தாம் மண்டலமாகிய கட்ச் பகுதிக்கோ 0.36.

இவ்வெண்ணை அப்படியே பயன்படுத்துவதில்லை. கட்டடத்தின் பயன், சட்டகத்தின் வகை, மண்ணின் தன்மை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவர். தங்கவயலில் எளிய கான்கிரீட் சட்டகம் கொண்ட தாழ்வான வீடு, தன் எடையில் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு விசையைப் பக்கவாட்டில் தாங்குமாறு வடிவமைக்கப்படும். அதே அமைப்புடைய பள்ளிக்கூடத்திற்கு ஆறு பங்கு! குழந்தைகள் கூடும் இடமாதலின் இந்தக் கூடுதல் காப்பு.

படத்தின் ஆண்டையும் நோக்குதல் வேண்டும். பழைய படங்களும் இணையத்தில் உலவுகின்றன. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலத்தின் லாத்தூர்ப் பகுதி அதிர்ந்து, பல்லாயிரவர் மாண்டனர். அன்றைய படத்தில் அப்பகுதி மிகக் குறைந்த இடருடைய முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் வந்த திருத்தத்தில் முதல் மண்டலமே நீக்கப்பட்டது.

தங்கவயலுக்கோ படத்தில் காணாத வேறோர் அதிர்வும் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. தாதுப்பாறையை வெட்டியெடுத்த இடத்தில், மேலுள்ள மலையளவு சுமை எஞ்சிய பாறைகளின்மீது சாய்ந்தது. தாங்க இயலாத பாறை திடீரென வெடித்துச் சிதறியது. தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். மேலே வீடுகளும் குலுங்கின. தொடக்கக் காலத்தில் 'ஏர் பிளாஸ்ட்' எனப்பட்ட இதனை இன்று பாறைவெடிப்பு என்பர். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இவ்வூரிலேயே தோன்றியது வியப்பன்று.

மண்டலப் படம் இயற்கை நிலநடுக்கங்களைக் கொண்டு வரையப்பட்டது. மனிதர் தோண்டிய குகைகளை அது அறியாது. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. வெட்டிய வெற்றிடங்கள் அகலவில்லை. ஆகவே இங்கே வீடு கட்டுவோர் இணையப் படத்தில் 0.10 என்பதைக் கண்டபின், பழைய சுரங்க வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, மனையின் அடியில் என்ன இருக்கிறது எனப் பார்த்தல் வேண்டும்.