வெந்நீரும் வெடிமருந்தும்

தமிழ்ச் சங்க மலரில் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். இரசாயனம் பயிலும் மாணவனுக்கு எதைத் தொட்டாலும் அதில் ஒரு பாடம் உண்டு. நான் தொட்டது துப்பாக்கி. பாடமும் சற்றுக் கடுமையாகவே கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதியில் என் அறைத்தோழன் குடகு நாட்டவன். சென்ற செப்டம்பரில் கைல்பொல்து என்னும் ஆயுதத் திருநாளுக்குத் தன் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றான். அன்று குடகர் வீடுகளில் துப்பாக்கிகளையும் கத்திகளையும் துடைத்து, பூச்சூட்டி, பூசையில் வைக்கிறார்கள். சூட்டும் பூவின் பெயர் தோக்குப்பூ, அதாவது துப்பாக்கிப்பூ. அருகில் சென்று பார்த்தேன். அது நம் காந்தள்! குறிஞ்சி நிலத்துப் பூ குடகு மலையில் துப்பாக்கி முனையில் பூத்திருந்தது.

ஆயுதம் வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். குடகர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. 2019இல் மைய அரசு அதனை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. ஏனையோர் உரிமமின்றி இதைத் தொடலாகாது.

நிற்க. என் நண்பனின் தாத்தா அவ்வாண்டு புதிய துப்பாக்கி ஒன்று வாங்கியிருந்தார். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, கோலால் அழுத்திக் கெட்டிக்கும் பழைய வகை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் அதிர்வேட்டுக்கு மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்ததால் இதை ரைபிள் என்று சொல்லக்கூடாது. உட்சுவரில் திருகுசுருளாகக் காடிகள் வெட்டியிருந்தால்தான் அது ரைபிள். 1857 கிளர்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்த கொழுப்புத் தோட்டா, 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிளுக்கு உரியது. அதுவும் வாய்வழியே கெட்டிப்பதுதான்; அதன் குழலில் மூன்று காடிகள் இருந்தன. நான் கீழே சொல்லும் முறைகள் இரண்டுக்கும் பொருந்தும். காடிகளில் கசடு ஒளிந்துகொள்வதால் ரைபிளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவே.

புதிய துப்பாக்கி துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் தடவி அனுப்புகிறார்கள். அதை நீக்காமல் மருந்து கெட்டித்தால் மருந்து நனைந்து கெடும். திருநாளுக்கு முதல்நாள் நானும் நண்பனும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியைக் கோலில் சுற்றி, குழலைத் துடைத்து எடுத்தோம். அதுவரை சரிதான். அதன்பின் நான் என் அறிவைக் காட்டினேன். “இந்த மழைநாட்டுக் காற்றில் துரு ஏறிவிடும்” என்று சொல்லி, குழலுக்குள் தாராளமாக எண்ணெய் விட்டேன். வாய் மேல்நோக்க மூலையில் சாய்த்தும் வைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் தென்னை உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி தொடங்கியது. நண்பன் புதிய துப்பாக்கியைக் கெட்டித்தான். காம்பின்மேல் கேப்பைப் பொருத்தினான். குதிரையை இழுத்துவிட்டு விசையை அழுத்தினான். ‘டப்’ என்று கேப்பு மட்டும் வெடித்தது. மருந்து பற்றவில்லை. சுற்றிலும் ஆரவாரம். அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி, கெட்டிக்க மறந்துவிட்டோமோ என்று ஐயுற்று, மறுபடியும் மருந்துக் குடுவையை எடுத்தான்.

தாத்தா ஒரே எட்டில் வந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். குழல்வாயை ஆளில்லாத மண்மேட்டை நோக்கித் திருப்பச் செய்தார். ஒரு நிமிடத்திற்கு மேல் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்தார். பற்றாததுபோல் தோன்றும் மருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்து தாமதித்து வெடிப்பதுண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு, வாய்க்கு நேரே முகமோ உடலோ வராமல் பக்கவாட்டில் நின்று கோலை உள்ளே இறக்கினார். வெறும் குழலில் கோல் அடிவரை இறங்கும்போது வாய் மட்டத்தில் வரும்படி அவர் முன்பே ஒரு கோடு கீறியிருந்தார். அந்தக் கோடு இப்போது வாய்க்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் நின்றது. உள்ளே மருந்தும் குண்டும் இருந்தன! அவற்றின்மேல் இன்னொரு முறை கெட்டித்துச் சுட்டிருந்தால் குழலே பிளந்திருக்கலாம். நண்பனின் இடது கை அந்தக் குழலைத்தான் தாங்கியிருந்தது.

காம்பைக் கழற்றி, அந்தத் துளைவழியே தண்ணீர் செலுத்தி மருந்தை நனைத்துச் செயலற்றதாக்கினார். பின்னர்த் திருகுமுனைக் கோலால் குண்டை இழுத்தெடுத்தார். காம்பின் துளை நிறைய எண்ணெய்! நான் விட்ட எண்ணெய் இரவோடிரவாக அடிக்கு இறங்கித் தீப்பொறியின் வழியை அடைத்திருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. தாத்தா திட்டவில்லை, செய்யவேண்டியதைச் செய்து காட்டினார். துளையைத் துடைத்தார். மருந்தின்றிக் கேப்பு மட்டும் வைத்து, குழல்வாயைத் தரையிலிருந்த புல்லருகே பிடித்துச் சுட்டார். புல் அசைந்தது. “வழி திறந்திருக்கிறது, இனிக் கெட்டிக்கலாம்” என்றார்.

மாலையில் இரண்டாவது பாடம். சுட்ட துப்பாக்கிகளைக் கழுவ அவர் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். “தண்ணீர் இரும்புக்குப் பகையாயிற்றே, அஜ்ஜா!” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊற்றினார். கறுப்பு நீர் வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம் வீசியது. அந்த நாற்றம்தான் என் மூளையைத் திறந்தது.

கருமருந்தில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். நோபிள், ஏபெல் என்னும் இருவர் 1875இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இது எரிந்தபின் எடையில் ஏறக்குறைய 43 பங்கே வாயுவாகிறது. 57 பங்கு திடப்பொருளாக நிற்கிறது. அந்தக் கசடில் பொட்டாசியம் கார்பனேட்டு, சல்பேட்டு, சல்பைடு ஆகிய உப்புகள் உள்ளன. சல்பைடு நீருடன் சேர்ந்து தருவதே அந்த முட்டை நாற்றம். கார்பனேட்டோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் இயல்புடையது. கழுவாமல் விட்டால் குழலைச் சுற்றி ஓர் ஈரப் போர்வை போர்த்தியதற்கு ஒப்பாகும். ஓரிரு நாளிலேயே துரு அரிக்கத் தொடங்கிவிடும். உப்புகள் எண்ணெயில் கரையா, நீரில் கரையும். 100 கிராம் நீர் 110 கிராம் பொட்டாசியம் கார்பனேட்டைக் கரைக்க வல்லது. வெந்நீராயின் விரைவில் கரைக்கும். குழலையும் சூடாக்குவதால் எஞ்சிய ஈரம் தானே உலரும். ஆக, கழுவ நீர், காக்க எண்ணெய்; இரண்டுக்கும் இடம் வேறு.

கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்து, வாய் கீழ்நோக்க வைக்கவேண்டும். மறுநாள் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பழுப்பு நிறம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்த முறை கெட்டிக்குமுன் எண்ணெயைத் துடைத்தெடுத்து, கேப்புச் சோதனையும் செய்யவேண்டும்.

இன்னும் சில விதிகள். புதிய துப்பாக்கியில் சோதனை முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க. மருந்தின் அளவு தயாரிப்பாளர் குறித்ததற்கு மிகலாகாது. குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டலாகாது. உள்ளே கங்கு இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்தே கொட்டுக. குண்டு மருந்தின்மேல் ஒட்டி உட்காரவேண்டும். இடைவெளி விட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். 1884இல் பிரான்சில் வியேல் கண்ட புகையில்லா மருந்தும் அதன் வழிவந்தவையும் இதற்கு ஆகா. அவை எழுப்பும் அழுத்தத்தை இக்குழல் தாங்காது. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் கோலை இறக்கிப் பார்க்க. ‘காலிதான்’ என்னும் நினைவை நம்பாதீர், கோட்டை நம்புக.

ஊர் திரும்பும்போது தாத்தா எனக்கு ஒரு காந்தட்பூவைக் கொடுத்தார். அது என் ஆய்வுக்குறிப்பேட்டில் உலர்ந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ‘குடுவை காலிதான்’ என்று யாரேனும் சொல்லும்போதெல்லாம் அந்த மூன்று விரற்கடை என் கண்முன் வந்து நிற்கும். நானே எழுந்து சென்று ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.